மண்ணீரலை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 32 வயதுத் தாய் ஒருவர் எழுதியிருக்கிறார். ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

மகனுக்கு 9 வயது, எடை 24 கிலோ. நான்கு வயதிலிருந்தே காதில் சீழும் ஓயாத சளியும். கடந்த இரண்டு ஆண்டுகளில் மூன்று முறை நிமோனியா. ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்கும் புரதம், 210 மி.கி. மட்டுமே. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் 78,000. ஸ்கேனில் மண்ணீரல் 14 செ.மீ. மரபணுச் சோதனையில் என்எஃப்கேபி1 என்ற மரபணுவில் மாற்றம்; ஹெட்டரோசைகஸ் (இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும்), நோய் உண்டாக்கக்கூடியது என்று அறிக்கை. பெற்றோரையும் சோதித்ததில் அதே மாற்றம் கணவருக்கு இருக்கிறது, இவருக்கு இல்லை. கணவர் கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை செய்கிறார், "ஒரு நாள்கூட ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காதவர்." மாதாமாதம் ஐ.வி.ஐ.ஜி. (பிறர் ரத்தத்திலிருந்து பிரித்த ஆன்டிபாடி) நரம்பு வழியாக ஏற்ற வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். இன்னும் தொடங்கவில்லை. தெரிந்தவர் ஒருவர் "வீங்கிய மண்ணீரலை எடுத்துவிட்டால் ரத்தம் தானாக ஏறும்" என்கிறார். மாமன் மகனைக் கட்டியதால்தான் இப்படி என்று ஊரில் பேச்சு. தண்ணீரில் உள்ள ஃபுளோரைடுதான் மஜ்ஜையைக் கெடுத்தது என்று இன்னொரு பேச்சு. ராகிக்களியும் கபசுரக் குடிநீரும் கொடுத்துத் தேற்றிவிடலாம் என்கிறார் மாமியார். மூன்று வயதில் ஒரு மகளும் உண்டு, "இது ஆண் பிள்ளைகளுக்குத்தானே வரும்?" என்று கேட்டு முடிக்கிறார்.

சகோதரி, உங்கள் கடிதத்தில் கேள்விகள் பல. அவசரமானது ஒன்றுதான்: ஐ.வி.ஐ.ஜி.யைத் தள்ளிப்போடாதீர்கள். ஒன்பது வயதில் ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய 600-க்கு மேல் இருக்க வேண்டும். 210-ஐ வைத்துக்கொண்டு இன்னொரு மழைக்காலத்தைக் கடப்பது நுரையீரலைப் பணயம் வைப்பது. நிமோனியா ஒவ்வொரு முறை வரும்போதும் மூச்சுக்குழல்களில் கொஞ்சம் தழும்பு விழுகிறது. அவை விரிந்து சளி தேங்கும் இடமாகிவிட்டால் திரும்பச் சுருங்குவதில்லை.

உங்கள் மகனுக்கு இருப்பது பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடு. இது ஏன் சத்துக் குறைவு இல்லை, ஏன் கஷாயத்தால் நிரம்பாது என்பது புரிய, அந்த மரபணு செய்யும் வேலையைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

1986-இல் ரஞ்சன் சென், டேவிட் பால்டிமோர் இருவரும் ஆன்டிபாடியைத் தயாரிக்கும் பி செல்களுக்குள் ஒரு புரதத்தைக் கண்டார்கள். ஆன்டிபாடியின் ஒரு பகுதியான கப்பா சங்கிலியை உண்டாக்கும் மரபணுவின் அருகே அது ஒட்டிக்கொண்டது. அதனால் என்.எஃப். கப்பா பி என்று பெயர். இது தனி ஆள் இல்லை, ஐந்து பேர் கொண்ட குடும்பம். இரண்டிரண்டாகச் சேர்ந்துதான் வேலை செய்வார்கள். உங்கள் மகனிடம் மாற்றம் உள்ள என்எஃப்கேபி1 மரபணு தரும் பி50 அவர்களில் ஒருவர். சாதாரண நேரத்தில் இந்த ஜோடிகள் செல்லின் உட்கருவுக்கு வெளியே, வேறொரு புரதத்தின் பிடியில் அடங்கிக் கிடக்கும். கிருமி வந்ததாகச் செய்தி கிடைத்ததும் பிடித்து வைத்திருக்கும் புரதம் சிதைக்கப்படும். விடுபட்ட ஜோடி உட்கருவுக்குள் போய், எந்தெந்த மரபணு இப்போது இயங்க வேண்டும் என்று முடுக்கிவிடும். பி செல் பிழைத்திருப்பது, பெருகுவது, ஐ.ஜி.எம். என்ற முதல் ரக ஆன்டிபாடியிலிருந்து ஐ.ஜி.ஜி.க்கு மாறுவது எல்லாம் இந்த உத்தரவைப் பொறுத்தவை.

இந்தக் குடும்பத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது பலர் கவனிக்காதது. மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வெறும் செல் மூட்டைகள் அல்ல. குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஆடு ஒரு பக்கம், காய்கறி ஒரு பக்கம் என்று இடம் பிரிந்திருப்பதுபோல், அங்கே பி செல்களுக்கு ஒரு பகுதி, அவற்றுக்குத் துணைபுரியும் டி செல்களுக்கு ஒரு பகுதி, இரண்டும் சந்திக்க ஒரு எல்லை உண்டு. பி செல்களை அவற்றின் இடத்துக்கு இழுப்பது சிஎக்ஸ்சிஎல்13 என்ற ஈர்ப்புப் புரதம். அதைச் சுரக்கும்படி தாங்கு செல்களுக்கு உத்தரவிடுவதும் இந்தக் குடும்பத்தின் உறுப்பினர்களே, முக்கியமாக ரெல்பி-யும் பி52-உம். பி50, பி52 இரண்டுமே இல்லாமல் வளர்த்த எலிகளில் நிணநீர்க் கணுக்களே உருவாகவில்லை. மண்ணீரலின் உள் அமைப்பும் குலைந்திருந்தது. இடம் ஒழுங்காக இருந்தால்தான் முளை மையம் என்ற பகுதி உருவாகும். அங்கேதான் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடியைத் திருத்தித் திருத்திக் கூர்மையாக்குகின்றன, பழைய கிருமியை நினைவில் வைக்கின்றன.

உங்கள் மகனுக்கு இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது. பி50 ஏறக்குறைய பாதி அளவுதான் உண்டாகிறது. எனவே எலிகளைப்போல உறுப்பே இல்லாமல் போகவில்லை. உறுப்பு இருக்கிறது, பி செல்லும் இருக்கலாம், ஆனால் ஐ.ஜி.ஜி.க்கு மாறிய நினைவு செல்கள் குறைவாக இருக்கும். ரத்த செல்களை ரகம் பிரித்து எண்ணும் ஃபுளோ சைட்டோமெட்ரி அறிக்கை கையில் இருந்தால் மொத்த பி செல் எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த எண் சரியாக இருப்பதைப் பார்த்து "எல்லாம் நார்மல்" என்று ஏமாந்த குடும்பங்கள் உண்டு. மாறிய நினைவு பி செல் சதவீதம் எவ்வளவு என்று கேளுங்கள்.

இப்போது களிக்கு வருவோம். ராகிக்களி நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். ஆனால் உத்தரவு போடும் புரதமே பாதியாக இருக்கும்போது எந்த உணவும் கஷாயமும் டானிக்கும் அந்தப் பாதியை முழுமையாக்காது. தடுப்பூசியை நிறையப் போட்டால் ஆன்டிபாடி ஏறிவிடும் என்ற எண்ணமும் அப்படியே: தடுப்பூசி செய்தி கொடுக்கும், செய்தியைக் கேட்டு வேலை செய்ய வேண்டிய இடத்தில்தான் பழுது. பிறர் உடலில் உண்டான ஆன்டிபாடியை ஆயத்தமாக ஏற்றுவதற்குக் காரணம் இதுவே.

மண்ணீரலை எடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இதில் நான் உறுதியாகவே சொல்கிறேன்.

மண்ணீரல் வீங்கியது நோயின் தொடக்கம் அல்ல, விளைவு. முதிர முடியாத பி செல்கள் அங்கே குவிகின்றன; உடல் தன் தட்டணுக்களையே எதிரியாக நினைத்து அழிக்கும்போதும் மண்ணீரல் பெருக்கும். உறுப்பை வெட்டி எடுத்தால் தட்டணு சில காலம் ஏறலாம், பி50 ஏறாது. மாறாக, நிமோகாக்கஸ், ஹீமோஃபிலஸ், மெனிங்கோகாக்கஸ் போன்ற உறை போர்த்திய பாக்டீரியாக்களை ரத்தத்திலிருந்து வடிகட்டும் முக்கியமான இடம் போய்விடும். மண்ணீரல் இல்லாதவருக்கு இந்தக் கிருமிகள் சில மணி நேரத்தில் உயிரைக் குடிக்கும் ரத்த நச்சேற்றத்தை உண்டாக்கக்கூடும். ஆன்டிபாடியும் இல்லாத பிள்ளைக்கு அந்த ஆபத்து இரட்டிப்பு.

78,000 தட்டணு, ரத்தக் கசிவு இல்லாத பிள்ளைக்குப் பெரும்பாலும் கண்காணித்தால் போதும். பல் ஈறில் ரத்தம், தோலில் ஊதாப் புள்ளிகள், மூக்கில் நிற்காத ரத்தம் வந்தாலோ, எண்ணிக்கை 20,000 முதல் 30,000 வரை இறங்கினாலோ மருத்துவர் ஸ்டீராய்டோ, கிலோவுக்கு 1 கிராம் என்ற உயர் அளவு ஐ.வி.ஐ.ஜி.யோ தருவார். ரிட்டுக்சிமாப் என்ற மருந்தும் இருக்கிறது. ஆனால் அது பி செல்களையே துடைத்துவிடும் என்பதால், ஐ.வி.ஐ.ஜி. பாதுகாப்பு இல்லாமல் அதைத் தொடங்கக் கூடாது.

வீட்டில் செய்ய வேண்டியது: மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே இறங்கியிருக்கும்வரை கபடி, மல்யுத்தம், மாமரம் ஏறுதல் வேண்டாம். ஓடலாம், பந்து எறியலாம். வயிற்றில் அடிபட்டு இடது தோள்பட்டையில் வலி வந்தால் அது மண்ணீரல் கிழிந்ததன் அடையாளமாக இருக்கலாம். நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

ஐ.வி.ஐ.ஜி.: அளவு, நேரம், நடக்கும் தவறுகள்

வழக்கமான தொடக்க அளவு கிலோவுக்கு 0.4 முதல் 0.6 கிராம், 3 அல்லது 4 வாரத்துக்கு ஒரு முறை. 24 கிலோவுக்கு ஏறக்குறைய 10 கிராம். அதாவது 5 கிராம் குப்பி இரண்டு. 5 சதவீதக் கரைசலானால் 200 மி.லி. முதல் அரை மணி நேரம் மெதுவாக, கிலோவுக்கு மணிக்கு 0.5 மி.லி., உங்கள் மகனுக்கு மணிக்கு 12 மி.லி. என்ற வேகத்தில் போக வேண்டும். நடுக்கம், முதுகுவலி, மார்பு இறுக்கம் இல்லையென்றால் அரை மணிக்கொரு முறை கூட்டுவார்கள். பாதி நாள் ஆகும். "சீக்கிரம் முடித்துவிடுங்கள், பஸ் போய்விடும்" என்று நர்ஸை அவசரப்படுத்துவதால்தான் தலைவலியும் குளிர்காய்ச்சலும் அதிகம் வருகின்றன. முந்தைய நாளிலிருந்தே நிறையத் தண்ணீர் கொடுங்கள்.

முதல் குப்பி ஏற்றும் முன் ஒரு காரியம். எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி, சி சோதனைகளையும், டெட்டனஸ், நிமோகாக்கஸ் தடுப்பூசிகளுக்கு உடல் எவ்வளவு பதில் தந்தது என்ற சோதனையையும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால், கொடையாளர்களின் ஆன்டிபாடிதான் சோதனையில் தெரியும். மகனுடையது எது, பிறருடையது எது என்று பிரிக்க முடியாது. ரத்தம் எடுத்து வைத்தால் போதும், முடிவு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதேபோல, தடுப்பூசி போட்டு நான்கு வாரம் கழித்து மறுசோதனை செய்து பார்க்கும் முறை சந்தேகமான நோயாளிகளுக்கு உரியது. உங்கள் மகனுக்கு மரபணு அறிக்கையும் 210-உம் கையில் இருக்கும்போது அதற்காக ஒரு மாதத்தை வீணாக்க வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறு இன்னொன்று. ஏற்றி ஒரு வாரத்தில் ஐ.ஜி.ஜி. சோதித்து, "900 வந்துவிட்டது, இனி வேண்டாம்" என்று நிறுத்துவது. ஏற்றிய ஐ.ஜி.ஜி. ஏறக்குறைய 21 நாளில் பாதியாகக் குறையும். எனவே அடுத்த டோஸ் ஏற்றுவதற்குச் சற்று முன்பு எடுக்கும் அளவுதான் கணக்கு. அது 700 முதல் 800-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அப்படியும் சளி தொடர்ந்தால் இன்னும் கூட்டுவார்கள். நான்கைந்து டோஸ் போன பிறகுதான் அந்த அளவு நிலைப்படும். மகன் வளர வளர எடைக்கேற்ப கிராமும் கூட வேண்டும். ஒன்பது வயதில் எழுதிய சீட்டையே பன்னிரண்டு வயதிலும் நீட்டுபவர்கள் உண்டு.

மருந்தை வெளியூரில் வாங்கி வந்தால் பெட்டியில் அச்சிட்ட வெப்பநிலையைப் பாருங்கள். 2 முதல் 8 டிகிரி என்றிருந்தால் ஐஸ்பெட்டியில் கொண்டு வரலாம், ஆனால் குப்பி பனிக்கட்டியை நேரே தொடக் கூடாது. உறைந்தால் அது வீண். குலுக்காதீர்கள், நுரைத்தாலும் கலங்கினாலும் ஏற்ற விடாதீர்கள். ஒவ்வொரு முறையும் நிறுவனப் பெயரையும் பேட்ச் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள்.

செலவுக்கு: குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கிடைக்கும். இந்தச் சிகிச்சை எந்தத் தொகுப்பில் அடங்கும் என்று கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலில் கேளுங்கள். 2021-ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கையில் பிறவி எதிர்ப்பு சக்திக் குறைபாடுகளும் உண்டு. அதற்கான விண்ணப்பம் உயர் சிறப்பு மையம் வழியாகத்தான் போக வேண்டும். உங்களுக்குப் பக்கம், பெங்களூரில் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. இரண்டுக்கும் மரபணு அறிக்கையின் அசல் கேட்பார்கள், லேமினேட் செய்துவிடாதீர்கள்.

சொந்தத்தில் கட்டியதாலா?

இல்லை. உறவுத் திருமணம் கூட்டுவது, தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே பழுது இரண்டு பிரதியாக வந்தால் மட்டும் வெளிப்படும் நோய்களை. உங்கள் மகனுக்கு வந்தது ஒரு பிரதி, அதுவும் கணவரிடமிருந்து. அவர் கன்னியாகுமரியில் முன்பின் தெரியாத பெண்ணைக் கட்டியிருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதி வாய்ப்பு இருந்திருக்கும். ஆகவே ஊர்ப் பேச்சை விடுங்கள். ஆனால் உறவுத் திருமணம் என்பதை ஆய்வகத்துக்குச் சொல்லியிருந்தீர்களா? சொல்லவில்லையென்றால், இரண்டு பிரதியும் பழுதான வேறு மரபணு ஏதும் இருக்கிறதா என்று அதே தரவை ஒரு முறை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

உறவு என்பதால் கவனிக்க வேண்டியது வேறொன்று. கணவருக்கு இது உங்கள் மாமாவிடமிருந்து வந்ததா, அத்தையிடமிருந்து வந்ததா என்று தெரியாது. மாமாவிடமிருந்து என்றால், அவருடன் பிறந்த உங்கள் அம்மாவுக்கும் இருக்கலாம். உங்களுக்கு இல்லாவிட்டாலும் உங்கள் அண்ணன் தங்கைக்கு இருக்க வாய்ப்புண்டு. மாமாவையும் அத்தையையும் சோதித்தால் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். தெரிந்த ஒரு மாற்றத்தை மட்டும் தேடும் சோதனைக்கு முழு மரபணுச் சோதனையைவிட மிகக் குறைந்த செலவே ஆகும்.

ஃபுளோரைடு விஷயம்: நம் பக்கத்துத் தண்ணீரால் பல்லில் கறை வருவதும் எலும்பு பாதிப்பதும் உண்மை, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். மகனுக்குக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரையே கொடுங்கள், அது பல்லுக்கும் எலும்புக்கும் நல்லது. இந்த மாற்றம் கணவரிடமிருந்து வந்தது. தண்ணீர் உண்டாக்கியது அல்ல.

உங்கள் மகள்: இந்த மரபணு இருப்பது 4-ஆவது குரோமோசோமில், எக்ஸ் குரோமோசோமில் அல்ல. ஆண் பெண் வித்தியாசம் கிடையாது, அவளுக்கும் 50 சதவீத வாய்ப்பு. நன்றாக இருக்கும் குழந்தையைச் சோதிக்கலாமா என்று தயக்கம் இருக்கும். இந்த நோயில் நான் சோதிக்கும் பக்கம். மரபணுச் சோதனையோடு ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம்., ரத்த எண்ணிக்கையும் பாருங்கள். மாற்றம் இருந்தும் எல்லாம் சரியாக இருந்தால் ஆண்டுக்கொரு முறை பார்த்தால் போதும். இதற்கிடையில், முடிவு எதுவானாலும், போலியோ முகாம் நாளில் அவளுக்குச் சொட்டு மருந்து வேண்டாம். ஊசி வடிவப் போலியோ தடுப்பு மருந்து போதும். சொட்டு மருந்தில் உள்ள உயிர்க் கிருமி மலத்தில் வெளியேறி, ஆன்டிபாடி இல்லாத அண்ணனுக்குத் தொற்றினால் நீண்ட காலம் குடலில் தங்கிவிடக்கூடும். கிராம சுகாதாரச் செவிலியரிடம் இப்போதே சொல்லி வையுங்கள். விரலில் மை வைக்க வருபவர் வாசலில் நிற்கும்போது விளக்குவது கடினம். தட்டம்மை, ரூபெல்லா ஊசி தங்கைக்குப் போடலாம், மகனுக்குப் பிரச்சினை இல்லை. மகனுக்கு உயிர்த் தடுப்பூசி எதுவும் வேண்டாம். ஆண்டுதோறும் இன்ஃப்ளூயன்சா ஊசி போடலாம், வீட்டில் எல்லாருமே போட்டுக்கொள்வது நல்லது.

அறிக்கையில் மரபணுப் பெயரின் கடைசி எண்ணை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். 1 என்றால் நான் மேலே எழுதியது. 2 என்றிருந்தால் அது சகோதர மரபணு. அதில் மாற்றம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு கார்ட்டிசால் சுரப்பும் குறையும், முடி திட்டுத்திட்டாகக் கொட்டும், காய்ச்சலின்போது சர்க்கரை இறங்கி மயங்குவார்கள். காலையில் கார்ட்டிசால் சோதனை அவசியமாகிவிடும்.

கடைசியாக உங்கள் கணவர். இந்த மாற்றம் உள்ள எல்லாரும் நோயாளி ஆவதில்லை. சிலருக்கு நாற்பது, ஐம்பது வயதில் வெளிப்படும். "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்பது இன்றைய நிலவரம் மட்டுமே. ஐ.ஜி.ஜி., ரத்த எண்ணிக்கை, வயிற்று ஸ்கேன், மார்பு எக்ஸ்ரே நான்கையும் ஒரு முறை எடுத்துவிடட்டும். கிரானைட் தூளில் உள்ள சிலிகா தனியாகவே நுரையீரலைக் கெட்டியாக்கும், காசநோய்க்கும் வழிவிடும். எதிர்ப்பு சக்தியில் ஓட்டை இருக்கக்கூடியவருக்கு அது பெரிய சுமை. தண்ணீர் பாய்ச்சியபடி அறுக்கும் இயந்திரத்தில் வேலை கேட்கட்டும். துண்டைக் கட்டிக்கொண்டால் போதாது, என்95 முகக்கவசம் வேண்டும். வேலைத் துணியைப் பட்டறையிலேயே மாற்றிவிட்டு வரட்டும், வீட்டுக்குள் உதறக் கூடாது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், அது பீடி இருமல் என்று விட்டுவிடாமல் சளிச் சோதனைக்குப் போகச் சொல்லுங்கள். மகனின் மருத்துவரிடம் அவரையும் ஒரு முறை கூட்டிச் சென்று, இருவர் அறிக்கையையும் ஒரே கோப்பில் சேர்த்துவிடுங்கள்.